வயசுக் கோளாறு

பதின்வயதை எட்டும் பிள்ளைகளின் நலனை வருடந்தோறும் வீடு வீடாக விசாரிப்பது பானுப்ரியாவின் வேலை. முத்தையாபுரத்தில் கதவைத் திறந்த செல்வக்கனியிடம், "சுகாதாரத்துல இருந்து வாரேங்க்கா. சுடலைக்கண்ணன் எப்படி?" என்றாள்.

"அதை ஏன் கேக்க! அவுக எப்பவும் போனும் கையுமாத்தான் இருக்காக. ஒரு வார்த்தை சொன்னா படக்குன்னு கதவச் சாத்துதாக."

மாமனார் பெயர் வைத்த மகனை மரியாதையாகத்தான் சொல்வார்கள். பானுப்ரியா புரிந்துகொண்டாள்.

"கண்ணாடி பாக்கிறதுண்டா?"

"மீசையத் தடவிக்கிட்டு அங்கனயே நிக்காக!"

"பயப்படாதீங்கக்கா. எல்லாம் வயசுக் கோளாறுதான்."

"எழுபத்திரண்டு வயசுலயுமா?"

"உங்க மகனுக்கா?"

"எங்க மாமாவுக்குல்லா! மகனுக்கும் அவுக பேருதான்."

"சரி, மகன் எப்படி?"

"அவனுக்கென்ன, ஜம்முன்னு இருக்கான். வீட்ல உள்ள ஒரே போனுதான் தாத்தா கையில இருக்கே!"