நகக்கண்ணில் சாட்சியம்

லீட்ஸ் நகரத்தின் வெளிறிய காலை வெயில் சமையலறை மேசையில் விழுகிறது. கோர்ட்டுக்குக் கிளம்பிய வக்கீல் ஹெட்லி, கோட்டு விளிம்பை அங்கிபோலப் பற்றியபடி மனைவி ரோவீனாவின் எதிரே நிற்கிறான். அவளுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. “ஐ புட் இட் டு யூ, சாட்சி அவர்களே! நேற்று மாலை தாங்கள் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினீர்கள்,” என்று குறுக்கு விசாரணை பாணியில் தொடங்குகிறான். “அபாண்டம்!” என்று அவள் விரல்களைத் தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் மறைக்கிறாள். நகக்கண்ணெல்லாம் மண். “டாக்டர் குனியவே கூடாதுன்னு சொல்லியும்…” அவன் கோட்டு விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான். “ஹெட்லி, பயந்துட்டியா?” “சாட்சி கேள்வி கேட்கக் கூடாது.” “பயந்துட்டியா?” கோட்டு விளிம்பு அவன் கையிலிருந்து நழுவுகிறது. “ஆமா.” “வேறு கேள்விகள் இல்லை, கனம் கோர்ட்டாரே,” என்று அவள் கையை நீட்டுகிறாள். அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான், வெள்ளைச் சட்டையில் மண் ஒட்டுவது தெரிந்தே.