மதுவந்தி ஓட்டிய கேரவன்

ஓய்வு பெற்ற என் மாமனாரும் மாமியாரும் உறவினர் வீடுகளுக்கெல்லாம் கேரவனில் போய்க்கொண்டிருந்தார்கள். பயணத்தின் நாற்பதாம் நாள் சேலத்தில் என் வாசலுக்கு வந்தார்கள்.

"வலது பக்கம் குழி இருக்குப்பா," என்றது வண்டி. இறந்துபோன என் மனைவி மதுவந்தியின் குரலை அதற்கு ஏற்றியிருந்தார்கள்.

"குரலுக்குக் காசு கட்டல மாப்ள. அதான் நடுவுல விளம்பரம் வரும்," என்றார் மாமனார்.

வண்டிக்குள்ளேயே சாப்பிட்டோம். "பைபாஸ்ல புதுசா ஒரு பிரியாணிக் கடை. நல்லி எலும்பை உறிஞ்சிப் பாருங்க," என்றது அது. மதுவந்தி முட்டைகூடத் தொட்டதில்லை.

மாமியார் ரசம் ஊற்றினார். "அவ உங்களுக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் குடுங்களேன். இதுக்குச் சிரிக்கத் தெரியல."

"அத மட்டும் கேக்காதீங்க அத்தை."

அவர் தட்டுகளை எடுத்துக் கழுவினார். நான் இறங்கியதும் வண்டி கிளம்பியது.

"போயிட்டு வரேங்க," என்றது வண்டி.

"பாத்துப் போ. சேந்ததும் போன் பண்ணு," என்றேன். தினமும் காலையில் அவளிடம் சொன்னதை வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்காக என்னையே அருவருத்தேன்.

மாலை ஐந்து மணிக்கு போன் அடித்தது.

"சேந்துட்டேங்க," என்றாள். உடனே பிரியாணி விளம்பரம் தொடங்கியது. அது முடியும்வரை நான் போனை வைக்கவில்லை.