தூங்காத ஏழாம் நம்பர்

"ஒங்க மெஷின் மட்டும் தூங்கவே தூங்காதாக்கா? மொதலாளி வீட்டுப் புள்ளையா அது?"

பக்கத்து மெஷின் பியாட்ரிஸ் கேட்டதும் வரிசையே சிரித்தது. இருளாயி மட்டும் சிரிக்கவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஃபேக்டரிக்கு ஃபேக்டரி ஆட்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்த நேரம். கரண்ட்டை மிச்சம் பிடிக்க, புரோகிராம் எழுதும் டொமினிக் கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். ஐந்து நிமிஷம் கை படாத மெஷினை அது தானாகவே தூங்க வைத்துவிடும். கை பட்டதும் எழுப்பிவிடும்.

இருளாயியின் ஏழாம் நம்பர் மட்டும் அடங்காது. மூச்சிழுப்பு வந்து அவள் வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வரும்வரை, ஆளில்லாமலே பச்சை விளக்கோடு கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டிருக்கும்.

வீண் கரண்ட்டு என்று தன்னையல்லவா முதலில் கழிப்பார்கள்? புருஷன் இல்லை. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டையும் விட்டு வந்தாயிற்று. இதுவும் போனால்?

நேரே டொமினிக்கிடம் போனாள்.

"தம்பி, என் மெஷினச் சரி பண்ணிக் குடு."

குனிந்த தலையை அவன் நிமிர்த்தவில்லை. "அது அப்படியே இருக்கட்டும்க்கா. யார்ட்டயும் சொல்லாதீங்க."

"ஒன் தப்ப மறைக்க என் சோத்துல மண்ணள்ளிப் போடுவியா?"

போன வேகத்தில் மேனேஜரிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஏழாம் நம்பரும் ஒழுங்காகத் தூங்கியது.

"இப்பதான் நிம்மதிலா" என்றாள் பியாட்ரிஸிடம்.

பத்து நாள் கழித்து சூப்பர்வைசர் ராஜு பட்டியலை ஒட்டினார். போன வாரம் அதிக நேரம் தூங்கிய மெஷின்கள் எவையோ, அவற்றில் வேலை செய்தவர்களுக்கு நாளையோடு வேலை இல்லை.

முதல் பெயர் இருளாயி.

மூச்சு இழுக்க இழுக்கக் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள். டொமினிக் காலில் விழுந்தாவது மறுபடி அந்தத் தப்பைச் செய்யச் சொல்ல வேண்டும்.

அவன் நாற்காலி காலி. டைப்பிஸ்ட் எல்ஸிதான் இருந்தாள்.

"ஒங்க மெஷினச் சரி பண்ணுன அன்னைக்கே அவர அனுப்பிட்டாங்களேக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

"எதுக்கு? ஒரு தப்புக்கா?"

"தப்பு எங்க? இந்தப் பட்டியல் வரப்போவுதுன்னு அவருக்கு முன்னயே தெரியும். நீங்க மூச்சு வாங்கப் போற நேரமெல்லாம், ஆள் மெஷின்லதான் இருக்குன்னு மூணு மாசமா கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லி வச்சிருந்தாராம்."