ரப்பர் வயிறு

"இது பொம்மைன்னு சொன்னா யாரு நம்புவாங்க? தொட்டா வெதுவெதுன்னு இருக்கே!"

மருத்துவக் கல்லூரியின் ஸ்கேன் துறைத் தலைவி இன்னொரு தடவை அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பொம்மைக் கம்பெனி முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

மாணவர்கள் நோயாளிகளின் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பழகுவதற்குப் பதிலாக, ஒரு ரப்பர் பொம்மையின் மேல் ஸ்கேன் செய்து பழகலாம். ஒலி உள்ளே எங்கெங்கே மோதித் திரும்பும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, நிஜ ஸ்கேன் போலவே திரையில் படம் காட்டும். இதுதான் அவர்களுடைய சரக்கு. கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர். பேசுவதற்கு முதலாளி, புரோகிராம் எழுதுவதற்கு அவர் மனைவியின் தம்பி. இதுவரை ஒரு பொம்மைகூட விலைபோகவில்லை. இன்றும் போகாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"முகத்தை ஏன் துணியால மூடியிருக்கீங்க?"

"வயிறு வரைக்கும்தான் முடிஞ்சிருக்கு மேடம். மூஞ்சி இன்னும் பாக்கி."

தலைவி ஜெல்லைப் பிதுக்கினார். வயிறு வெடுக்கென்று உள்வாங்கியது.

"அட, ஜில்லுன்னு பட்டா சுருங்குதே!"

"எல்லாம் புரோகிராம் மேடம்."

ஸ்கேன் கருவியை விலா எலும்புக்குக் கீழே நகர்த்தினார். வயிறு குலுங்கிக் குலுங்கி ஆடியது.

"இது என்ன?"

"கிச்சுகிச்சு மேடம். வேண்டாம்னா குறைச்சுக்கலாம்." முதலாளி துணிக்கடியில் கையை விட்டு எதையோ திருகினார். ஆட்டம் கப்சிப்பென்று நின்றது.

அடுத்த நொடி, வயிற்றுக்குள் கடமுடா என்று ஒரு சத்தம்.

"பசி வேற எடுக்குமா?"

"சாப்பாட்டு நேரமாச்சுல்ல மேடம்."

"இதை எழுதின பையனை நான் பார்த்தே ஆகணும். கூப்பிடுங்க."

"இங்கேதான் இருக்கான். ஆனா நீங்க போறவரைக்கும் எழுந்திருக்க மாட்டான் மேடம். கூச்ச சுபாவம்."

"சரி, ஊசி குத்திப் பழகலாமா? கையோட ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்."

"ஐயையோ! அது அடுத்த மாடல்லதான் மேடம்!"

தலைவி திரைப்பக்கம் திரும்பிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளி முகத்துத் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

"பத்து பொம்மை வேணும்" என்றார் தலைவி.

முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. "நன்றி மேடம்! எது உங்களுக்கு இவ்வளவு பிடிச்சுது?"

"கல்லுதான்! மத்தவங்க எல்லாரும் நோய்நொடி இல்லாத வயிறாத்தான் பண்றாங்க. நீங்கதான் பித்தப்பையில கோலிக்குண்டு மாதிரி ஒரு கல்லை வெச்சிருக்கீங்க. பின்னாடி அதோட நிழல்கூட விழுது. நிஜ ஆளா இருந்தா இந்நேரம் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருப்பேன்!"

"கல்லா?" முதலாளி விழித்தார். "நாங்க கல்லு எதுவும் வைக்கலையே மேடம்..."

முகத்துத் துணியை உதறிவிட்டு விருட்டென்று எழுந்து உட்கார்ந்தது பொம்மை.

"காலையில புரோகிராம் படுத்துக்கிச்சுன்னு என்னைப் படுக்க வெச்சு நிஜ ஸ்கேன் மிஷினை மாட்டினீங்களே மாமா, இப்ப எனக்கு ஆபரேஷனாமே!"