மக்குத் தங்கை

“இதுக்கு டெரிவேட்டிவ் சரியான்னு கேட்டு வரச் சொன்னா, உன் தங்கச்சி.”

அப்பா நீட்டிய சீட்டில் 5x⁴ + 7 என்று இருந்தது. கீழே தங்கை போட்ட விடை: 20x⁴ + 7.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

“நாலைக் கீழ இறக்கிப் பெருக்கினா போதுமா? மேல ஒண்ணு குறைச்சு மூணுன்னு போட வேணாமா? தனியா நிக்கற ஏழு பூஜ்யமாயிடும்னு கூடவா தெரியாது? பன்னிரண்டாவது படிக்கிறாளாம்!”

“அதை அவகிட்டயே சொல்லேன்டா.”

“நான் அவகூட பேசறதில்லை.”

பேசி முப்பத்தெட்டு நாள் ஆகிறது. இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் மேட்ச் பார்க்கப் போனதை, அப்பாவிடம் போட்டுக்கொடுத்தவள் தங்கை. அப்புறம் வேறு நல்ல வேலையே கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வெளியூர் கிளம்புகிறான். ஆனாலும் அவனுக்கு வீம்பு குறையவில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட அப்பா வழியாகத்தான் கேட்பான்.

சரியான விடையை எழுதிக் கொடுத்தனுப்பினான். ஐந்தே நிமிடத்தில் அப்பா அடுத்த சீட்டோடு வந்து நின்றார். 3x² + 4. விடை: 6x² + 4.

“மறுபடியும் அதே தப்பு! இவ தலையில இருக்கிறது என்ன, களிமண்ணா?”

“ஆன்லைன் வீட்டுப்பாடமாம். மூணு தடவை தப்பாப் போட்டா மார்க் கிடையாதாம். அதுக்கு என்னை ஏன்டா நடக்க விடறீங்க? நாள் பூரா பஸ்ஸுக்கு அடியில மல்லாந்து கெடந்து ஸ்பேனர் பிடிச்சவன் நான். எனக்கு இந்த எக்ஸும் தெரியாது, அது தலையில ஏறி உக்காந்திருக்கிற குட்டி நம்பரும் தெரியாது.”

மூன்றாவது சீட்டிலும் அதே தப்பு. இதற்கு மேல் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் பாய்ந்தான்.

“மக்கு! மக்கு! ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?”

முப்பத்தெட்டு நாளைக்குப் பிறகு தங்கையிடம் அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்.

“எதுக்குக் கத்தறே? தெரிஞ்சா நான் ஏன் கேக்கறேன்?” என்றாள் அவள், லேப்டாப்பைச் சற்றுத் தள்ளி வைத்து நோட்டைத் திறந்தபடி.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஒரு கணக்கு போட்டுக் காட்டினான். அப்புறம் இன்னொன்று. “ஓ, அப்படியா!” என்று அவள் கண்ணை அகல விரிக்க, அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நடுவில் ஒரு குட்டு வைத்தான். அவள் பதிலுக்குக் கிள்ளினாள். எதற்கோ இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“நீ ஊருக்குப் போயிட்டா நான் யார்கிட்டண்ணா கேக்கறது?”

“போன் எதுக்கு இருக்கு? தினமும் பண்ணு.”

அப்பா கூப்பிட, அவள் எழுந்து போனாள். போட்ட விடைகளை நாமே ஏற்றிவிடலாமே என்று அண்ணன் லேப்டாப்பை இழுத்தான்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் திறந்தே இருந்தது. சீட்டில் வந்த அதே கணக்குகள், மொத்தம் பத்து. பத்திலும் பச்சை டிக். எல்லாமே முதல் தடவையிலேயே சரி. சமர்ப்பித்தது போன திங்கட்கிழமை. மதிப்பெண் நூற்றுக்கு நூறு.

தேதியை இன்னொரு தடவை பார்த்தான். ஆள் வரும் சத்தம் கேட்டதும் லேப்டாப்பைப் பழையபடி தள்ளி வைத்தான்.

“என்னண்ணா, எனக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறேன். முடிச்சுக்கலாமா?”

“எங்க முடிக்கிறது? நீ இருக்கிற லட்சணத்துக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் நான் சொல்லிக்கொடுத்தாத்தான் தேறுவே. வந்து உக்காரு, மக்கு!”