சிலிக்கானின் தீர்ப்பு

பாய்ந்து வந்த குண்டு சிலிக்கான் படிகத்தை நொறுக்கிய கணத்திலேயே எக்ஸ்ரே கதிர் அதைப் படமெடுத்திருந்தது. சிகாகோ ஆய்வுக்கூடத்தின் திரையில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் லோரெய்ன்.

"அடி விழுந்ததும் அணுக்கள் எப்படி இடம் மாறுதுன்னு தெரியுதா?" என்றான், கருவியை இயக்கும் டுவேன்.

"தெளிவா தெரியுது."

"அப்புறமென்ன, ரெண்டு வருஷச் சண்டை தீர்ந்துச்சு! ரஸ்ஸலுக்குப் போன் போடு. மூஞ்சிய எங்க வச்சுக்கிறான்னு பாப்போம்!"

அணுக்கள் இடம் மாறும் விதம் பற்றி மாற்றுக் கருத்து சொன்னதற்காக லோரெய்ன் கூட்டத்தில் கேலி செய்ய, அன்றே குழுவை விட்டு விலகியவன் ரஸ்ஸல். அவனை அழைத்தாள்.

"ரஸ்ஸல், படம் வந்துடுச்சு. நீ சொன்னதுதான் சரி. அன்னிக்குப் பேசினதுக்கு என்னை மன்னிச்சிடு."

டுவேன் திரும்பித் திரையை மறுபடி உற்றுப் பார்த்தான்.

"எத்தனை படம் எடுத்தே?" என்றான் ரஸ்ஸல்.

"ஒண்ணுதான்."

"ஒரே படத்துக்குத் தோத்துடுவியா நீ? நாளைக்கு நானும் வர்றேன். இன்னொரு படிகம் எடுத்து வை."