காற்றுக்கு வழிவிட்ட வேலி

"ஒரு நாய்க்கு எதுக்குண்ணே இவ்வளவு பெரிய கோட்டை?" எதிர்வீட்டு டெய்லர் தேநீர்க் குவளையோடு வந்து நின்றார்.

தச்சர் குழியில் கடப்பாரையை இறக்கியபடி சிரித்தார். "போன மாசக் காத்துல பழைய வேலி படுத்துடுச்சே, பாத்தல்ல?"

"பாக்காம? நாயத் தேடிக்கிட்டு லாரி ரோட்டுக்கு நடுவுல நீங்க நடந்ததயும்தான் பாத்தேன்."

தச்சரின் மனைவி தலை நிமிராமல் குழிக்குள் ஜல்லியைத் தள்ளினாள்.

"அதான் தம்பி. இனிமே இது சாயவே கூடாது."

கம்பத்தில் மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குள் விட்டார். காற்று வரும் மூலைக்குச் சாய்வாக ஒரு முட்டுக் கொடுத்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் சந்து விட்டார்.

"சந்து எதுக்கு? அடைச்சுடலாமே?"

"அடைச்சா காத்து மல்லுக்கு நிக்கும். வழிய விட்டா தன் பாட்டுக்குப் போயிடும்."

"அடேங்கப்பா! சரி, ஆளுயரம் எதுக்கு? உங்க நாய் என்ன, ஏணி வெச்சா ஏறப் போகுது?"

தச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மனைவியிடம், "எத்தனை கம்பம் ஆச்சு?" என்றார்.

"ஏழு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

"ஏழுதாங்க."

"கணக்குப்பிள்ளை வேலை அக்காவுக்கா?" என்றார் டெய்லர்.

வேலி முடிந்த மூன்றாம் நாள் காற்று வந்தது. இரண்டு நாள் பேயாட்டம் ஆடிவிட்டுப் போனது. தெருவில் வேறு வேலி மிச்சமில்லை. டெய்லர் வீட்டு வேலித் தகரம் அடுத்த தெருவில் கிடந்தது.

தச்சரின் வேலியில் ஒரு பலகைகூட ஆடவில்லை. டெய்லர் கம்பத்தைப் பிடித்து உலுக்கினார். தோளால் இடித்தும் பார்த்தார். தோள்தான் வலித்தது.

"கையக் குடுங்கண்ணே, கண்ணுல ஒத்திக்கிறேன்! இந்த வேலைக்கு உங்கள விட்டா ஆளே இல்ல. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"நாளைக்கே ஆரம்பிச்சுடலாம் தம்பி. தள்ளிப்போட வேணாம்."

டெய்லர் போனதும், தச்சர் ஒரு புது நம்பர் பூட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவள் அதை வேலிக் கதவில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எண்களைத் திருக ஆரம்பித்தாள்.

இரண்டாவது எண்ணிலேயே அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம கல்யாணத் தேதி வேணாம்மா. வேற எதையாவது வெச்சுட்டு எங்கிட்டச் சொல்லாத. இல்லேன்னா திறந்துக்கிட்டு மறுபடியும் லாரி ரோட்டுக்குப் போயிடுவேன். எல்லாம் மறந்துக்கிட்டே வருது, அது ஒண்ணுதான் மறக்க மாட்டேங்குது."